வெண்டைச் செடிக்கு அபராதம்!

உங்கள் வீட்டு வாசலில் நாலு வெண்டைச் செடி நட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிகள் பூவும் பிஞ்சுமாக நிற்கின்றன. ஒரு நாள் ஊராட்சி அதிகாரி ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். "இவற்றைப் பிடுங்கி எறியுங்கள். இல்லாவிட்டால் தினம் 50 டாலர் அபராதம்" என்கிறார். பூச்செடி என்றால் பரவாயில்லையாம். பழமரமும் இருக்கலாமாம். வர்ணம் பூசிய பொம்மைப் பறவையைக் கூட நிறுத்தி வைக்கலாமாம். காய்கறிதான் கூடாதாம்!

கட்டுக்கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில், மியாமி நகரத்துக்கு வடக்கே மியாமி ஷோர்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 2013-ம் ஆண்டில் நடந்த சம்பவம் இது.

அந்த ஊரில் ஒரு தம்பதி பதினேழு வருஷங்களாக வீட்டு முன்புறத்தில் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். வெண்டை, வெங்காயம், கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் விளைந்தன. பின்புறத்தில் போடக்கூடாதா என்று கேட்கலாம். அங்கே போதிய வெயில் விழவில்லை. வெயில் இருக்கும் இடத்தில்தானே செடி வளரும்? அத்தனை வருஷமும் அது யார் கண்ணையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 2013-ல் ஊராட்சி தன் விதியைத் திருத்தி, காய்கறித் தோட்டம் வீட்டின் பின்புறத்தில் மட்டுமே இருக்கலாம் என்று எழுதிவிட்டது.

நாளுக்கு 50 டாலர் என்றால் மாதத்துக்கு 1,500 டாலர். யார் கட்டுவது? தம்பதிகள் தங்கள் கையாலேயே செடிகளைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய கையோடு நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

நம் பக்கத்திலும் வாசலென்றால் கோலம், கொல்லையென்றால் அவரைப் பந்தல் என்று ஒரு வழக்கம் உண்டுதான். ஆனால் வழக்கம் வேறு, வழக்கு வேறு அல்லவா?

புல்லின் பூர்வீகம்

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எல்லாம் புல்லில் போய் முடிகிறது. இங்கிலாந்தின் பிரபுக்கள் தங்கள் மாளிகைக்கு முன்னே பரந்த புல்வெளி வைத்திருந்தார்கள். உழுது பயிரிட அவசியம் இல்லாத நிலம் என்னிடம் இத்தனை இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்கு அது ஓர் அடையாளம். ஆடுகள் மேய்ந்தும், ஆட்கள் அரிவாளால் அறுத்தும் அதைக் கட்டையாக வைத்திருந்தார்கள். 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு பிரபுவின் புல்வெளி சாதாரண மனிதனுக்கும் எட்டும் பொருளாயிற்று.

அமெரிக்காவில் 1870-ல் பிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீடுகளின் தோட்டத்தை அழகுபடுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வீடு வேலி போட்டு மறைக்காமல் புல்தரையை வீதிக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிற்பாடு அது ஒரு தேசத்தின் பழக்கமே ஆகிவிட்டது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், 1947-ல் நியூயார்க்குக்கு அருகே லெவிட் டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. ஒரே மாதிரியாக 17,000 வீடுகளுக்கு மேல் கட்டினார்கள். கூடவே விதிகளும் வந்தன. வேலி போடக் கூடாது. வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும். நீங்கள் வெட்டாவிட்டால் கம்பெனி ஆட்கள் வந்து வெட்டிவிட்டு உங்களுக்குப் பில் அனுப்பிவிடுவார்கள்! துணி உலர்த்தும் கொடிக்குக் கூடக் கட்டுப்பாடு இருந்தது. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்பதே அது. இம்மாதிரி நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல் நடத்தக் கூடாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும், அந்த ஊர்க் கதவு கறுப்பருக்கு லேசில் திறக்கவில்லை. 'ஊரின் தோற்றம்' என்ற சொல்லை யாராவது உபயோகிக்கும்போது, அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது.

இன்று அமெரிக்காவில் புல்தரை எவ்வளவு? 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! அத்தனை நிலத்துக்கும் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, வளர்த்து, வெட்டி எறிகிறார்கள். மாடு தின்றாலாவது பால் கிடைக்கும்.

இதே தேசத்தில்தான் யுத்த காலத்தில் 'வெற்றித் தோட்டம்' போடுங்கள் என்று சர்க்காரே பிரசாரம் செய்தது. வாசல், கொல்லை, பூங்கா என்று பாராமல் சுமார் 2 கோடித் தோட்டங்கள் முளைத்தன. 1943-ல் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் வெள்ளை மாளிகையிலேயே காய்கறிப் பாத்தி போடச் செய்தார். அன்றைக்குத் தேசபக்தி, பிறகு குற்றம்!

தண்ணீர் ஊற்றினாலும் தப்பு, ஊற்றாவிட்டாலும் தப்பு

மியாமி ஷோர்ஸ் ஒன்றுதான் இப்படி என்று சொல்ல முடியாது. மிச்சிகன் மாகாணத்தில் ஓக் பார்க் என்ற ஊரில் 2011-ல் ஓர் அம்மாள் வாசலில் ஐந்து பாத்தி கட்டிக் காய்கறி போட்டதற்காக அவர்மீது குற்றச்சாட்டுப் பதிவாயிற்று. 93 நாள் வரை சிறை வைக்கக்கூடிய குற்றம். முன்புறத்தில் 'தகுந்த' செடிகள்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லிற்று. தகுந்தது எது என்பதில்தான் சண்டை. பத்திரிகைகளில் விஷயம் வெளியாகி ஊர் சிரித்த பிறகு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் கதை இதைவிட வேடிக்கை. 2014-ம் வருஷ வறட்சியில், தண்ணீரை வீணாக்குகிறவர்களுக்கு நாளுக்கு 500 டாலர் வரை அபராதம் என்று மாகாண சர்க்கார் விதி செய்தது. அதே சமயத்தில் கிளென்டோரா என்ற ஊரில் ஒரு குடும்பத்துக்கு நகர நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் புல்தரை காய்ந்து பழுப்பாகிவிட்டது. பச்சையாக்குங்கள், இல்லாவிட்டால் அபராதம்' என்று! பாவம், தண்ணீரைச் சேமித்தவர்கள் அவர்கள். மறு வருஷம், வறட்சிக் காலத்தில் காய்ந்த புல்லுக்கு ஊராட்சிகள் அபராதம் போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்து இந்தக் கூத்துக்கு முடிவு கட்டினார்கள்.

சிரிக்க முடியாத வழக்கு ஒன்றும் உண்டு. புளோரிடாவில் டனிடின் என்ற ஊரில் புல் 10 அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. 2018-ல் ஒருவர், காலமான தாயாரின் சொத்து விவகாரத்தைக் கவனிக்க வெளியூர் போய்த் தங்கினார். இங்கே புல் வளர்ந்தது. நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறிய அபராதம் 28,000 டாலரைத் தாண்டியது. பணம் கட்ட வழியில்லாத அவருடைய வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர நகரசபை நடவடிக்கை எடுத்தது. இந்த அபராதம் மிதமிஞ்சியதல்ல என்று 2021-ல் சமஷ்டி நீதிபதி தீர்ப்பளித்தார்.

ஊராட்சிகளின் கட்சியையும் கேட்க வேண்டும். 2008-ம் வருஷ நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் விட்டுப்போன வீடுகள் தெருத்தெருவாகப் பாழடைந்து கிடந்தன. புதர் மண்டி, எலியும் கொசுவும் பெருகின. பக்கத்து வீட்டுக்காரன் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கிய வீட்டின் விலையும் அதோடு சரிந்தது. பாழ்மனையைச் சுத்தம் செய் என்று சொல்வதற்கு ஊருக்கு ஓர் அதிகாரம் வேண்டியதுதான். ஆனால் பாம்பு அடையும் புதரும், களையெடுத்த வெண்டைப் பாத்தியும் ஒன்றாகிவிடுமா?

ஆறு வருஷத்துக்குப் பிறகு

மியாமி ஷோர்ஸ் தம்பதிகள் 2016-ல் தோற்றார்கள். 2017-ல் அப்பீலிலும் தோற்றார்கள். ஊரின் தோற்றத்தைக் காக்க விதி செய்வது ஊராட்சியின் உரிமை, அதற்கு ஏதாவது ஒரு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்பது நீதிமன்றத்தின் முடிவு. மாகாண உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது. வேறு யாராயிருந்தாலும் அத்தோடு கடையில் கீரை வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள்.

இவர்கள் விடவில்லை. விஷயம் சட்டசபைக்குப் போயிற்று. வீட்டு மனையில் காய்கறி பயிரிடுவதை எந்த ஊராட்சியும் தடுக்கக் கூடாது என்ற சட்டம் நிறைவேறி, கவர்னர் கையெழுத்திட்டு, 2019 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. வறட்சியில் தண்ணீர்க் கட்டுப்பாடு, உர உபயோகம் போன்ற பொது விதிகள் மட்டும் எல்லாருக்கும் போலவே தோட்டக்காரருக்கும் பொருந்தும். அந்த மாதமே தம்பதிகள் பழைய இடத்தில் மீண்டும் நாற்று நட்டார்கள். 2021-ல் இல்லினாய் மாகாணமும் இதே மாதிரிச் சட்டம் செய்தது.

ஆனால் புளோரிடாச் சட்டம் தடுப்பது ஊராட்சிகளைத்தான். வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் என்று தனியே இருக்கின்றன. வீடு வாங்கும்போதே அவற்றின் நிபந்தனைகளுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டு அவ்வளவு சுலபத்தில் அவிழ்வதில்லை. மேரிலாந்து மாகாணத்தில் கொலம்பியா என்ற ஊரில், தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்குமாக நாட்டுச் செடிகள் வளர்த்த ஒரு தம்பதியிடம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புல் போடுங்கள் என்றது அவர்கள் சங்கம். வழக்கு வளர்ந்து 2020 கடைசியில் சமரசமாயிற்று. 2021-ல், வீட்டுக்காரர் புல்தான் போடவேண்டும் என்று சங்கங்கள் வற்புறுத்தக் கூடாது என்று மேரிலாந்து சட்டம் செய்தது. சமரசப்படி அந்தத் தம்பதிகள் எல்லையோரத்துச் செடிகளில் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். மீதியெல்லாம் வாசலிலேயே நிற்கலாம் என்று முடிவாயிற்று.