கூட்ஸ் இஞ்சினுக்கு ஏன் சின்னச் சக்கரம்?

எங்கள் ஊரான கனகசெட்டிக்குளத்தில் ரயில் கிடையாது. புதுச்சேரியிலிருந்து சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் உண்டு. அந்தச் சாலையில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வேகத்தடையைக் கடப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? ஓட்டுநர் முதல் கியருக்கு வருவார். இஞ்சின் உறுமும், ஆனால் லாரி மெல்லத்தான் நகரும். பிறகு இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று மாற்ற மாற்ற வேகம் கூடும், இழுவிசை குறையும். கியர் மாற்றுவதன் பொருள் இவ்வளவுதான்: வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குவது, அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்குவது.

இப்போது ஒரு கேள்வி. ஆயிரம் டன் சரக்கை இழுத்த பழைய நீராவி ரயில் இஞ்சினில் கியர்ப் பெட்டியே கிடையாது. அப்படியானால் அது என்ன செய்தது?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் எங்கள் தெருவிலேயே வசிக்கும் ஒரு முதியவர். 1960-களின் பிற்பகுதி முதல் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். உலையில் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. "தம்பி, பாசஞ்சர் இஞ்சின் குதிரை, கூட்ஸ் இஞ்சின் மாடு. காலைப் பார்த்தாலே தெரியும்" என்றார் ஒரு நாள். கால் என்று அவர் சொன்னது சக்கரத்தை. நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வந்தது சரக்கே

ரயில் என்றதும் நமக்குப் பயணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தண்டவாளம் பிறந்தது சரக்குக்காக. சென்னையை அடுத்த செங்குன்றத்தில், சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிச் செல்ல 1837-ஆம் ஆண்டிலேயே ஒரு பாதை இருந்தது. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1856-இல்தான்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு 1879-இல் விழுப்புரத்திலிருந்து மீட்டர் பாதை வந்தது. அன்றைய தென்னார்க்காட்டுப் புன்செய்களில் விளைந்த மணிலாக்கொட்டை (நம் பக்கத்து மல்லாட்டை) புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. ஆலைகளுக்குப் பஞ்சு வந்தது, துணி வெளியே சென்றது. இத்தகைய சரக்குகளை நம்பித்தான் அந்தக் காலத்து ரயில்பாதைகள் பிழைத்தன.

நாடு விடுதலை பெற்றபின் சரக்குப் போக்குவரத்து வேகமாகப் பெருகியது. வங்காளத்தின் சித்தரஞ்சனில் இஞ்சின் தொழிற்சாலை 1950-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், அங்கு உருவான முதல் இஞ்சினான 'தேசபந்து'வைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது ஒரு கூட்ஸ் இஞ்சின். டபிள்யூ.ஜி. என்பது அதன் இனம்: 'டபிள்யூ' அகலப் பாதையையும் 'ஜி' சரக்கையும் குறிக்கும். மீட்டர் பாதையில் இதற்கு இணையானது ஒய்.ஜி. நம் ஃபயர்மேன் கரி போட்டது ஒய்.ஜி. இஞ்சின்களில்தான்.

இவற்றின் சக்கர அமைப்பு 2-8-2. அதாவது முன்னால் இரண்டு சிறிய சக்கரங்கள், நடுவில் இழுக்கும் சக்கரங்கள் எட்டு, பின்னால் மீண்டும் இரண்டு சிறியவை. இந்த அமைப்புக்கு 'மிகாடோ' என்று பெயர். அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை 1897-இல் ஜப்பானுக்கு இத்தகைய இஞ்சின்களைச் செய்து அனுப்பியது. ஜப்பானியப் பேரரசரைக் குறிக்கும் சொல்லே இஞ்சினுக்குப் பெயராயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரியானதும், அமெரிக்கர்கள் பெயரை 'மெக்கார்தர்' என்று தங்கள் தளபதியின் பெயருக்கு மாற்றினார்கள்! அந்தப் பெயரில் மீட்டர் பாதைக்காகச் செய்யப்பட்ட இஞ்சின்கள் போர்க்காலத்தில் அசாம் பக்கம் வந்து, பர்மா எல்லைக்குப் போகும் சரக்கை இழுத்தன.

சக்கரமே கியர்

நீராவி இஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை முன்னும் பின்னும் சென்று வந்தால் சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றும். நடுவில் வேறு எதுவும் இல்லை. ஆகவே சக்கரத்தின் அளவுதான் அதன் கியர். பெரிய சக்கரமானால் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும், ஆனால் இழுவிசை குறையும். சிறிய சக்கரமானால் குறைந்த தூரம், அதிக விசை. லாரி ஓட்டுநர் நினைத்த நேரத்தில் கியரை மாற்றலாம். ரயில் இஞ்சினுக்கோ தொழிற்சாலையில் பிறக்கும்போதே கியர் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் பயணிகளுக்கு ஓர் இஞ்சின், சரக்குக்கு வேறோர் இஞ்சின் தேவைப்பட்டது.

டபிள்யூ.ஜி. இஞ்சினுக்குக் கணக்குப் போடுவோம். கொதிகலனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. நம் அளவில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 14.8 கிலோ. சிலிண்டரின் குறுக்களவு 55.6 செ.மீ. எனவே பிஸ்டனின் பரப்பு சுமார் 2,430 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 36,000 கிலோ வருகிறது. ஒரே பிஸ்டன் மீது 36 டன் எடை ஏறி நிற்பதற்குச் சமம்!

பிஸ்டன் ஒரு வீச்சில் நகரும் தூரம் 71 செ.மீ. இஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்கள். நீராவி ஒவ்வொரு சிலிண்டரிலும் இருபக்கமும் தள்ளுகிறது. ஆகவே சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு வீச்சுகள். அழுத்தம் முழுவதும் பிஸ்டனை எட்டுவதில்லை. 85 சதவீதம் என்று பொறியாளர்கள் கணக்கில் கொள்வது வழக்கம். வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்குவது அல்லவா? 36 x 0.85 x 0.71 x 4 என்று பெருக்கினால் ஏறத்தாழ 87 டன்-மீட்டர்.

சக்கரத்தின் குறுக்களவு 1.56 மீட்டர், சுற்றளவு 4.9 மீட்டர். அதே வேலையைச் சக்கரம் இந்த 4.9 மீட்டர் தூரத்தில் செய்கிறது. 87-ஐ 4.9-ஆல் வகுத்தால் 17.7 டன். இதுவே டபிள்யூ.ஜி.யின் இழுவிசை.

பயணிகளை இழுத்த டபிள்யூ.பி. இஞ்சினுக்கும் கொதிகலன் இதேதான். ஆனால் அதன் சக்கரம் 1.70 மீட்டர், சிலிண்டரும் சற்றுச் சிறியது. அதன் இழுவிசை சுமார் 13.9 டன்தான். அதற்குப் பதிலாக, கூட்ஸ் இஞ்சினைவிட வெகு வேகமாக ஓடக்கூடியது. ஒரே கொதிகலன், இரண்டு குணங்கள்! மீட்டர் பாதையிலும் இப்படியே: ஒய்.பி.யின் சக்கரம் நாலரை அடி, ஒய்.ஜி.யின் சக்கரம் 4 அடி. குதிரைக்கும் மாட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த அரை அடியில் இருக்கிறது.

எட்டுச் சக்கரம் எதற்கு?

கணக்கு இதோடு முடியவில்லை. டபிள்யூ.பி.க்குப் பெரிய சிலிண்டர் வைத்து விசையைக் கூட்டிவிட்டால் என்ன? அங்கேதான் உராய்வு குறுக்கிடுகிறது.

சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டால்தான் வண்டி நகரும். உலர்ந்த எஃகுமேல் எஃகின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.25. அதாவது சக்கரத்தின்மேல் உள்ள எடையில் கால் பங்கு வரைதான் இழுவிசையாக மாறும். அதற்குமேல் விசை கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அப்படியானால் எடையைக் கூட்டலாமே என்பீர்கள். கூடாது, தண்டவாளம் தாங்காது. இந்த இஞ்சின்களில் ஓர் அச்சுக்குச் சுமார் 18.5 டன் என்பதே வரம்பு. டபிள்யூ.பி.க்கு இழுக்கும் அச்சுகள் மூன்று: 55.5 டன், அதில் கால் பங்கு 13.9. அதன் இழுவிசையும் அதுவே! டபிள்யூ.ஜி.க்கு அச்சுகள் நான்கு: 74 டன், கால் பங்கு 18.5. அதன் இழுவிசை 17.7, வரம்புக்குச் சற்றே உள்ளே. வடிவமைத்தவர்கள் உராய்வின் விளிம்பு வரை சென்று நிறுத்தியிருக்கிறார்கள்.

விளிம்பில் நிற்பதில் ஆபத்தும் உண்டு. "பெருமழைக்குப் பயமில்லை தம்பி, தூறலுக்குத்தான் பயம்" என்றார் முதியவர். இதுவும் பௌதிகமே. பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடுகிறது. தூறலோ தூசியையும் எண்ணெயையும் குழைத்து வழுக்கும் பூச்சாக்குகிறது. உராய்வுக் குணகம் பாதியாகக் குறைந்தால் பற்றும் பாதியாகிவிடும்.

திருவண்ணாமலை வழிப் பாதையில் ஓர் இரவு அப்படித்தான் ஆயிற்றாம். ஏற்றத்தில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது. ஏற்றம் என்பது கண்ணுக்குத் தெரியாத பாரம். சமதளத்தில் மெல்ல ஓடும் ரயிலின் ஒரு டன்னை இழுக்க மூன்று, நான்கு கிலோ விசை போதும். நூற்றுக்கு ஒன்று என்ற சாதாரண ஏற்றத்தில் அதோடு இன்னும் 10 கிலோ சேரும். "சக்கரம் சுத்துது, வண்டி நவுரல. மணல் குழாய் அடைச்சிருந்தது. இறங்கி இஞ்சினுக்கு முன்னால நடந்து, கையாலேயே தண்டவாளத்துல மணல் தூவினேன். நான் நாலடி வெச்சா இஞ்சின் நாலடி வரும்." முந்நூறு நானூறு டன்னை அன்று நகர்த்தியது நீராவி மட்டுமல்ல, ஒரு மனிதனின் கைப்பிடி மணலும்தான்.

நூற்றில் ஏழு

பின்னால் உள்ள இரண்டு சிறிய சக்கரங்கள் எதற்கு என்று கேட்டீர்களானால், அவை உலைக்காக. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். போதிய வெப்பம் கிடைக்க வேண்டுமானால் அகலமான உலை வேண்டும். அந்த உலையைத் தாங்குவதே பின்சக்கரங்களின் வேலை. அகலமான உலை என்றால் ஃபயர்மேனுக்கு அதிகக் கரி, அதிக சாம்பல், அதிக வியர்வை.

அந்த வெப்பத்தில் எவ்வளவு ரயிலை இழுத்தது? கொதிகலனில் நீர் சுமார் 200 டிகிரி செல்சியஸில், அதாவது 473 கெல்வினில் கொதிக்கிறது. வேலை முடித்த நீராவி ஏறத்தாழ 100 டிகிரியில், 373 கெல்வினில், புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. கார்னோ விதிப்படி இவ்விரு வெப்பநிலைகளுக்கிடையே இயங்கும் எந்த இயந்திரமும் 21 சதவீதத்துக்குமேல் பயன் தர முடியாது. நீராவியை மேலும் சூடேற்றி இந்த வரம்பைச் சற்று உயர்த்தினார்கள். ஆனால் புகையோடு போகும் வெப்பம், எரியாமல் பறக்கும் கரித்தூள், சுவர் வழியே கசியும் வெப்பம் எல்லாம் கழிந்து, கையில் நின்றது 6, 7 சதவீதமே.

இதை அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. நூறு ஷவல் கரி போட்டால் ஏழு ஷவல்தான் வண்டியை இழுத்தது. தொண்ணூற்று மூன்று வானத்துக்குப் போயிற்று. அவர் முதுகு வலியின் கணக்கல்லவா அது? ஒரு மாலை சொல்லியே விட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "புகைபோக்கியைப் பாத்தவனுக்கு அது தெரியும் தம்பி. நம்பர்தான் தெரியாது" என்றார்.

அந்த எண்தான் நீராவியின் விதியையும் எழுதியது. டீசல் இஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வேலையாக மாற்றியது. கரி அள்ளவும் ஆள் வேண்டியதில்லை. சித்தரஞ்சனில் அகலப் பாதைக்கான கடைசி நீராவி இஞ்சின் 1970-இல் வெளிவந்தது. அதன் பெயர் 'அந்திம் சிதாரா', கடைசி நட்சத்திரம். அதுவும் டபிள்யூ.ஜி.தான். 1972-இல் மீட்டர் பாதை இஞ்சின்களும் நிறுத்தப்பட்டபோது, அங்கே உருவான நீராவி இஞ்சின்களின் எண்ணிக்கை 2,351. அகலப் பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் 1995-இல் முடிவுக்கு வந்தன.

நீராவி போய்விட்டது, உராய்வு விதி போகவில்லை. இன்றைய மின்சார கூட்ஸ் இஞ்சின்களில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார் வைப்பது, முழு எடையும் பற்றுக்குப் பயன்படட்டும் என்பதற்காகத்தான். அடுத்த முறை விழுப்புரம் நிலையத்தில் ஒரு சரக்கு ரயில் நிற்பதைக் கண்டால், இஞ்சின் சக்கரத்தின் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள். தண்டவாளத்தை நோக்கி வளைந்த ஒரு சிறு குழாய் தெரியும். ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட அந்த இஞ்சினும் ஒரு பெட்டியில் மணலைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது.