சர்வர் ஓடுது, லைட் எரியுது, ஆனா ஃபைல் மட்டும் வரல... ஏன்? நாஸ் ஷேர் சிக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஆபீஸ் திறந்ததும் பில்லிங் சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை. சர்வர் ஓடுகிறது. ஸ்விட்ச்சில் பச்சை விளக்கு எரிகிறது. இன்டர்நெட்டும் வருகிறது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் வரல?" என்று குழப்பம்.

இப்படிப்பட்ட நேரத்தில் பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. சர்வருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் 'ஷேர்' இணைப்பு. அது அறுந்திருக்கும்போது பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தினால், சரியாகியிருக்க வேண்டிய டேட்டாவும் சேதமாகலாம். அப்படியானால் எதை முதலில் பார்ப்பது? எதைச் செய்யவே கூடாது?

விர்ச்சுவல் மெஷின், நாஸ்... என்ன அது?

ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை சாஃப்ட்வேர் மூலம் ஓட்டுவதுதான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். இவற்றை ஓட்டும் முதன்மை சர்வரை 'ஹோஸ்ட்' என்பார்கள். விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, ப்ராக்ஸ்மாக்ஸ், மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி ஆகியவை இதற்கான மென்பொருட்கள்.

ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். அந்த ஃபைலை ஹோஸ்டுக்குள் வைக்காமல், நெட்வொர்க்கில் தனியாக இருக்கும் 'நாஸ்' என்ற ஸ்டோரேஜ் பெட்டியில் வைப்பது வழக்கம்.

நாஸும் ஹோஸ்டும் பேசிக்கொள்ள இரண்டு முறைகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ். லினக்ஸ், விஎம்வேர் பக்கம் இது அதிகம். இன்னொன்று, விண்டோஸ் உலகின் எஸ்எம்பி.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த அமைப்பில் லேன் கேபிள்தான் ஹார்ட் டிஸ்க் கேபிள். அது துண்டித்தால், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கை உருவியது மாதிரி.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. செலவைப் பார்த்து ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். ஹோஸ்டை மாற்றும்போது பழைய நாஸை புதிதாக இணைக்க வேண்டும். அங்கேதான் இந்தத் தலைவலி ஆரம்பிக்கிறது.

ஷேர் அறுந்தால் உள்ளே என்ன நடக்கும்?

உடனே எரர் வரும் என்று நினைப்போம். பெரும்பாலும் வராது, 'ஹேங்' ஆகும். என்எஃப்எஸ் இணைப்பு வழக்கமாக 'ஹார்ட் மவுண்ட்' முறையில் இருக்கும். நாஸ் திரும்பி வரும்வரை அது விடாமல் காத்திருக்கும். டேட்டா பாதியில் எழுதப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 'சாஃப்ட் மவுண்ட்' போட்டால் ஹேங் ஆகாமல் எரர் வரும். ஆனால் விஎம் டிஸ்க்குக்கு அது ஆபத்து, ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இஎஸ்எக்ஸ்ஐ வழக்கமான செட்டிங்கில் 140 விநாடி பார்க்கும். அதற்குப் பிறகு ஹோஸ்ட் தன்னுடைய சொந்த முயற்சிகளை நிறுத்திக்கொள்ளும். விஎம் கேட்ட டேட்டாவுக்கான முயற்சி மட்டும் தொடரும். விஎம்முக்குள் லினக்ஸ் இருந்தால், டிஸ்க் பதில் சொல்லாததைப் பார்த்து, 'இனி எழுத மாட்டேன், படிக்க மட்டும்தான்' என்ற நிலைக்கு அது போய்விடலாம். அப்போது ஷேர் திரும்பி வந்தாலும் அந்த விஎம்மை மட்டும் முறையாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

ஆக, ஹேங் ஆனால் முதல் வேலை ஹோஸ்டை அணைப்பது இல்லை. இணைப்பைச் சரிசெய்வது.

வரிசையாகப் பாருங்கள்

1. நாஸ் பதில் சொல்கிறதா? உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்த்தால் போதாது, ஹோஸ்டிலிருந்தே பிங் செய்து பாருங்கள். பதில் இல்லையென்றால் கேபிள், ஸ்விட்ச், ஐபி முகவரி. ரௌட்டர் தானாகக் கொடுக்கும் ஐபி ஒருநாள் மாறிவிடும். நாஸுக்கு எப்போதும் நிலையான ஐபி கொடுங்கள்.

2. போர்ட் திறந்திருக்கிறதா? பிங் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. என்எஃப்எஸ்ஸுக்கு 2049, எஸ்எம்பிக்கு 445 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். என்எஃப்எஸ் 3-ஆம் பதிப்புக்கு வழக்கமாக 111-ம் தேவைப்படும். ஃபயர்வால் அப்டேட்டுக்குப் பிறகு சிக்கல் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

3. அனுமதி இருக்கிறதா? எந்த ஐபிக்கு ஷேர் தர வேண்டும் என்று நாஸில் ஒரு பட்டியல் இருக்கும். புது ஹோஸ்ட் அதில் இல்லையென்றால் கதவு திறக்காது. ஷேர் தெரிகிறது, ஃபைலை மட்டும் எழுத முடியவில்லை என்றால் 'ரூட் ஸ்குவாஷ்' செட்டிங்கைப் பாருங்கள். ஹோஸ்டின் ரூட் யூசரை சாதாரண யூசராகக் குறைத்துவிடும் பாதுகாப்பு அது. விஎம் டிஸ்க் வைக்கும் ஷேரில், அந்த ஹோஸ்டின் ஐபிக்கு மட்டும் அதைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

4. பதிப்பு பொருந்துகிறதா? எஸ்எம்பி முதல் பதிப்பை விண்டோஸ் 10 தன் 2017 இறுதி அப்டேட்டிலிருந்தே புதிய இன்ஸ்டாலேஷனில் சேர்ப்பதில்லை. 2024-ல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 அப்டேட் இன்னும் கறார். எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம். ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவும் கிடையாது. "நேத்து வரைக்கும் வந்துச்சு, அப்டேட் போட்டதும் வரல" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாதுகாப்பை அணைக்காமல், நாஸ் மென்பொருளை அப்டேட் செய்து, யூசர்நேம், பாஸ்வேர்டு வைப்பதுதான் சரியான வழி.

5. இடம் இருக்கிறதா? 'தின்' முறையில் உருவாக்கிய டிஸ்க் ஆரம்பத்தில் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும், போகப்போக வளரும். அழிக்காமல் விட்ட ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். நாஸ் நிரம்பினால் விஎம் நின்றுவிடும். ஆனால் நெட்வொர்க் கோளாறு மாதிரியே தோன்றும்.

6. பாக்கெட் அளவு ஒன்றாக இருக்கிறதா? சின்ன ஃபைல் வருகிறது, பெரிய ஃபைல் எடுத்தால் நிற்கிறது. இந்த அறிகுறி தெரிந்தால் எம்டியு அளவைப் பாருங்கள். வழக்கமான அளவு 1500. வேகத்துக்காக 9000 வைத்தால், ஹோஸ்ட், ஸ்விட்ச், நாஸ் மூன்றும் அதை ஏற்க வேண்டும். சாதாரண பிங் சிறியது என்பதால் போய்விடும். 'உடைக்காதே' என்ற கட்டளையோடு 8972 பைட் அளவில் பிங் செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

சத்தம் போடாத ஆபத்து

எரர் வந்தால் தெரியும். எரரே வராத ஒரு சிக்கலும் உண்டு. லினக்ஸ் ஹோஸ்டில் ஷேர் ஒரு ஃபோல்டர்போல இணைக்கப்படும். இணைப்பு ஏற்படாதபோதும் அந்த வெற்று ஃபோல்டர் ஹோஸ்டிலேயே இருக்கும். பேக்கப் வேலை அதற்குள் எழுத ஆரம்பித்தால் 'வெற்றி' என்றே காட்டும். ஆனால் போய்ச் சேர்ந்தது நாஸில் இல்லை, ஹோஸ்டின் சொந்த டிஸ்க்கில். டிஸ்க் நிரம்பி ஹோஸ்டே நிற்கலாம். பேக்கப் தேவைப்படும் நாளில் நாஸைத் திறந்தால் பழைய ஃபைல்தான் இருக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸில் கையால் மவுண்ட் செய்த ஃபோல்டரை ஸ்டோரேஜாகச் சேர்த்தால், அது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று சரிபார்க்கும் ஆப்ஷன் உண்டு. அதை ஆன் செய்யுங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு பேக்கப்பை எடுத்து, வேறு பெயரில் திறந்து பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு...

கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஆன் ஆகும். நாஸ் தயாராக சில நிமிடம் பிடிக்கலாம். அதற்குள் ஹோஸ்ட் எழுந்து ஷேரைத் தேடி, கிடைக்காமல் விஎம்களை ஆன் செய்யாமல் விட்டுவிடும். எனவே வரிசை முக்கியம். முதலில் ஸ்விட்ச், அடுத்து நாஸ், பிறகு ஹோஸ்ட், கடைசியில் விஎம்கள். அணைக்கும்போது இதற்கு நேர் எதிர். ஹோஸ்டை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டால் போதாது. ஸ்விட்ச்சும் நாஸும் அதில் இருக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை

* 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால், யோசிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.
* ஒரே விஎம் டிஸ்க்கை இரண்டு ஹோஸ்டில் ஒரே நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். இருவரும் ஒரே ஃபைலில் எழுதினால் அது கெட்டுவிடும்.
* வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கிறதே என்று 445 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள். 2017 மே 12-ல் உலகை முடக்கிய வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதற்கான பேட்ச் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது.
* ரெய்டு இருக்கிறது, பேக்கப் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். தவறுதலாக அழித்த ஃபைலை அது திருப்பித் தராது.

நாஸின் ஐபி, ஷேர் பெயர், அனுமதி பெற்ற ஹோஸ்ட்கள், ஆன் செய்யும் வரிசை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி சர்வர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். சர்வர் பார்க்கும் நபர் லீவில் இருக்கும் நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.