சிகரம் தேடி – 9: கிளிமஞ்சாரோவுக்கு அவசரம் ஆகாது

லாவா டவர் என்ற கரும்பாறை வரை வந்து சேர்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். உயரம் சுமார் 4,600 மீட்டர். அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததுமே வழிகாட்டிகள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். இரவுத் தங்கல் பாரங்கோ முகாமில். அது 4,000 மீட்டருக்கும் சற்றுக் கீழே. மூச்சு வாங்க ஏறியதையெல்லாம் இப்படி இறங்கித் தொலைக்க வேண்டுமா என்று புதிதாக வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். மச்சாமே பாதையின் உயிரே இந்த இறக்கம்தான். மேலே போன உடம்பு காற்றின் குறைவைப் பழகிக்கொள்ளத் தொடங்குகிறது. கீழே வந்து தூங்கும்போது தேறுகிறது.

உச்சியான உஹுரு 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறும் வேண்டாம், பனிக்கோடரியும் வேண்டாம், நடந்தே போய்விடலாம். அதனால்தான் பலரும் இந்த மலையைக் குறைத்து எடைபோடுகிறார்கள். உச்சியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை என்று ஆரம்பிக்கும். அலட்சியம் செய்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே உலை வைத்துவிடும். தினமும் ஓடிப் பழகிய இளைஞர்களும் இதற்கு விலக்கில்லை. முற்றினால் உடனே கீழே இறக்கியாக வேண்டும்.

1889-ல் முதன்முதலாக உச்சி தொட்ட ஹான்ஸ் மேயர் இந்த மலையில் அவசரம் ஆகாது என்பதை நன்றாக உணர்ந்திருந்தார். 1887-ல் வந்து தோற்றுத் திரும்பியவர் அவர். அடுத்த முறை உணவை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்படி இடையிடையே முகாம்களை அமைத்தார். அக்டோபர் 3 அன்று எரிமலை வாயின் விளிம்பு வரை போயும் திரும்பிவிட்டார். அக்டோபர் 6 அன்று லுட்விக் பூர்ட்ஷெல்லருடன் உச்சியில் நின்றார்.

கடைசி இரவு பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்ப வேண்டும். பகலில் கால் புதையும் சரளை அப்போது உறைந்து கெட்டிப்பட்டிருக்கும். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் முன்னே போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். உறைவது மேல்பக்கத்திலிருந்துதான், மூடிப்பக்கம் தப்பிக்கும். விடியும் வேளையில் ஸ்டெல்லா முனை. பின்னால் மாவென்சி சிகரம் சிவக்கும். அங்கிருந்து எரிமலை வாயின் விளிம்போடு உச்சிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேர நடை. வழியில் தெரியும் பனிச்சுவர்களை நின்று பாருங்கள். 1912-ல் இருந்த பனியில் ஐந்தில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை.

இந்த மலை உள்ள பூங்காவுக்கான கட்டணம் நாள் கணக்கில் வாங்கப்படுகிறது. ஐந்து நாள் பயணம் மலிவாக விற்பதற்கு அதுவே முக்கியக் காரணம். அந்த விளம்பரங்களில் ஏமாறாதீர்கள். ஏழு நாளாவது ஒதுக்குங்கள். உங்கள் மூட்டையைத் தூக்கும் சுமைதாரருக்கு 20 கிலோ என்று வரம்பு உண்டு. அது காக்கப்படுகிறதா, அவருக்குச் சரியான கூலி கிடைக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

(தொடரும்)