கொழுவைத் தேடும் கருவி... காசு கிடைத்தால் என்ன செய்வது?

உழவு முடிந்து வீடு திரும்பும்போதுதான் கல்டிவேட்டரில் ஒரு கொழு குறைவது தெரியும். கழன்ற போல்ட், உடைந்த ரோட்டவேட்டர் கத்தி, அறுந்த முள்கம்பி என்று எல்லாம் வயலுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அதுவே டிராக்டர் டயரைக் கிழிக்கும். களை எடுப்பவர் காலில் ஏறும். கம்பித் துண்டு தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போய் இதயம் வரை குத்தி, மாட்டையே இழக்க நேரிடும்.

இவற்றைத் தேடி எடுக்க மெட்டல் டிடெக்டர் கைகொடுக்கும். ஆனால், வாங்கிய அன்றே வயலில் இறங்கினால் வெறும் குழிகள்தான் மிஞ்சும்.

முதல் பாடம் வீட்டு வாசலில்

கருவியின் அடியில் உள்ள வட்டமான காயில், மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகும். கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்பும். எந்த ஒலி எந்தப் பொருளுக்கு என்பதைக் காதுதான் பழக வேண்டும்.

வாசலில் இரும்பு ஆணி, செம்புக் கம்பி, பித்தளைத் துண்டு, பாட்டில் மூடி, பழைய கொழு ஆகியவற்றை இரண்டடி இடைவெளியில் புதையுங்கள். சிலவற்றை நான்கு விரல் ஆழத்திலும் சிலவற்றை ஒரு சாண் ஆழத்திலும் வைத்து, இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் காயிலை வீசி, ஒலியைக் கேட்டுப் பழகுங்கள். சிறு பொருள் ஆழத்தில் கிடந்தால் பல கருவிகளுக்குக் கேட்காது.

வயலில் கவனிக்க வேண்டியவை

• காயிலைத் தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில், தரைக்கு இணையாக, மெதுவாக வீசவும். ஓரத்தில் தூக்கினால் ஆழம் போய்விடும்.

• கயிறு கட்டி நடவு செய்வதுபோல் வரிசை பிடித்து நடக்கவும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும்.

• ஒலி வந்த இடத்தில் குறுக்காகவும் வீசிப் பார்க்கவும். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் ஒலித்தால் மட்டும் தோண்டவும்.

• திருமங்கலம் பக்கத்துக் கரிசலும் உசிலம்பட்டி பக்கத்துச் செம்மண்ணும் ஒன்றல்ல. இரும்புச் சத்து மிகுந்த மண்ணும், ஈரமான உவர் மண்ணும் பொய் ஒலி தரும். நிலம் மாறும்போதெல்லாம் 'கிரவுண்ட் பேலன்ஸ்' சரிசெய்யவும்.

• மின்கம்பி, ஓடும் மோட்டார், சட்டைப்பையில் உள்ள செல்போன் ஆகியவையும் கருவியைக் குழப்பும்.

• பி.வி.சி குழாயை இந்தக் கருவி காட்டாது. புதிதாகக் குழாய் பதிப்பவர்கள், இணைப்புக்கு மேலே ஒரு இரும்புத் துண்டைச் சேர்த்துப் புதைத்தால் பின்னாளில் தேட உதவும்.

பழங்காசு தென்பட்டால்?

மதுரையைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளியில் இந்தக் கேள்வி எழாமல் போகாது. மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், கீழடித் தென்னந்தோப்புகளில் 2014-15 முதல் நடந்த அகழாய்வுகளில் தங்க அணிகலன்களும் செம்பு, இரும்புப் பொருள்களும் கிடைத்தன. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என ஆய்வில் தெரியவந்தது. எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அந்த மண்ணின் வயதைச் சொல்ல முடிந்தது. மண்வெட்டியால் பெயர்த்து எடுத்த காசுக்கு அந்தச் சாட்சி கிடையாது.

ஆகவே பழங்காசு, பானை ஓடு, செங்கல் கட்டு தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளைத் தேய்க்கவோ கழுவவோ வேண்டாம். படம் எடுத்து, ஆழத்தை அளந்து, இடத்தில் முளைக்குச்சி அடித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

இந்தியப் புதையல் சட்டம் 1878-ன்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோவதோடு, ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. முறைப்படி சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. அரசு அதை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி அரசு எடுக்காவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு.

பிறர் நிலத்தில் அனுமதி இல்லாமலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடங்களிலும் கருவியோடு இறங்கவே வேண்டாம். உங்கள் வயலில் தோண்டிய குழிகளை அன்றன்றே மூடுங்கள். எடுத்த ஆணியையும் கம்பியையும் வரப்பில் போடாமல் வாளியில் சேர்த்து வையுங்கள். அவற்றை எடைக்குப் போட்டுவிடலாம். மாட்டின் வாய்க்குப் போகாது.