60 அடி என்றால் பாதி அணையா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் செய்தியில் ஓர் இடத்தை மட்டும் தவறவிட மாட்டார்கள். “மேட்டூர் அணையின் நீர்மட்டம் 100 அடி. நீர் இருப்பு 65 டி.எம்.சி. அணைக்கு வினாடிக்கு 50,000 கன அடி தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. 10,000 கன அடி திறந்துவிடப்படுகிறது.” வரத்தும் திறப்பும் கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட எண்கள். ஆனால் செய்தி இந்த மாதிரிதான் இருக்கும். மொத்தம் நான்கே எண்கள். இவற்றை வைத்துக்கொண்டு அணை எப்போது நிரம்பும் என்று நீங்களே சொல்லிவிடலாம். பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்குக்கு மேல் எதுவும் வராது.

முதலில் அளவுகள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடியாக உள்ள ஒரு பெட்டியில் பிடிக்கிற தண்ணீர்தான் ஒரு கன அடி. லிட்டரில் 28.3. அப்படியானால் வினாடிக்கு 50,000 கன அடி என்பது எவ்வளவு? சுமார் 14 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் ஒவ்வொரு வினாடியும் 118 லாரி வேண்டும். ஆற்றில் வெள்ளம் வரும்போது வேடிக்கை பார்க்கக்கூட இறங்காதே என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்துவிடும்.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் பேர் வாழும் ஊருக்கு இது 283 நாளைக்குக் காணும்.

இனி ஒரு குறுக்கு வழி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 100 கோடியை 86,400-ஆல் வகுத்துப் பாருங்கள்: 11,574. அதாவது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் சரியாக ஒரு டி.எம்.சி. சேரும். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், செய்தி வாசிப்பவர் அடுத்த ஊருக்குப் போவதற்குள் நீங்கள் கணக்கை முடித்துவிடலாம்.

போட்டுப் பார்ப்போமா? மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இப்போது இருப்பது 65. இன்னும் வேண்டியது 28.47. வருவது 50,000, போவது 10,000, ஆக அணையில் தங்குவது வினாடிக்கு 40,000 கன அடி. அதை 11,574-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 3.46 டி.எம்.சி. 28.47-ஐ 3.46-ஆல் வகுங்கள். எட்டு நாளும் கொஞ்சமும். வரத்தும் திறப்பும் மாறாமல் இருந்தால் ஒன்பதாம் நாள் அணை நிரம்பிவிடும்.

வந்ததில் போனதைக் கழித்தால் சேர்ந்தது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் நான்கு வருடமும் விடாமல் பயன்படுத்துவது இதைத்தான். மொட்டைமாடித் தொட்டி, ஊர் ஏரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. திருப்பியும் போடலாம். நேற்று இருப்பு 65, இன்று 67, திறப்பு 10,000 என்றால் வரத்து எவ்வளவு? சேர்ந்தது இரண்டு டி.எம்.சி., அதாவது வினாடிக்கு 23,148 கன அடி. வெளியே போன 10,000-ஐயும் கூட்டுங்கள்: 33,148. ஆற்றங்கரைக்கே போகாமல் ஆற்றை அளந்துவிட்டீர்கள்! (போய் அளப்பவர்களும் உண்டு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளவு நிலையமே வைத்திருக்கிறது.)

இப்போது தலைப்புக்கு வருவோம். 120 அடி அணையில் 60 அடி தண்ணீர் இருந்தால் பாதி அணை நிரம்பிவிட்டது என்றுதானே தோன்றும்? இல்லை. 60 அடியில் மேட்டூரில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

ஏன் என்று நோட்டில் வரைந்து பார்க்கலாம். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு முக்கோணம் போடுங்கள். உயரம் 12 செ.மீ., மேல்பக்கம் 10 செ.மீ. ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும், அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். இதன் பரப்பு 60 சதுர செ.மீ. இப்போது கீழிருந்து 6 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு கிழியுங்கள். அந்த இடத்தில் அகலம் 5 செ.மீ.தான் இருக்கும். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு 15. அறுபதில் பதினைந்து, கால் பங்கு! உயரம் பாதியாகும்போது அகலமும் கூடவே பாதியாகிவிடுகிறது. பாதியில் பாதி கால்தானே.

10 செ.மீ. உயரத்திலும் ஒரு கோடு போடுங்கள். கீழே உள்ள பரப்பு கிட்டத்தட்ட 41.7, அதாவது மொத்தத்தில் 69 சதவீதம். 93.47-இல் 69 சதவீதம் ஏறத்தாழ 65. செய்தியில் 100 அடிக்குச் சொன்ன அதே 65! எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். உண்மையான பள்ளத்தாக்கு கோணல்மாணலாக இருக்கும், இடையில் குன்றும் மேடும் வரும். இருந்தும் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு முக்கோணம் இவ்வளவு கிட்டே போய் நிற்கிறது. எல்லா அணைக்கும் இது பொருந்தும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பொறியாளர்கள் நிலத்தை அளந்து, எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணையே போட்டு வைத்திருப்பார்கள். அந்த அட்டவணையும் காலத்துக்கும் அப்படியே நிற்காது. மேட்டூர் அணையை 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்தார்கள். அன்றிலிருந்து காவிரி கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்துகொண்டே இருக்கிறது. வண்டல் பிடித்த இடத்தில் தண்ணீர் நிற்க முடியாதே.

அதனால் அடிக் கணக்கை மட்டும் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 60 அடியில் இருக்கும்போது மட்டம் ஓர் அடி ஏற சுமார் 0.8 டி.எம்.சி. போதும். 119 அடியிலிருந்து 120 ஆக 1.5 டி.எம்.சி.க்கு மேல் வேண்டும். ஒரே வெள்ளம் வந்தாலும் முதலில் மட்டம் மடமடவென்று ஏறும், கடைசியில் இழுத்தடிக்கும். கோடையில் தண்ணீர் இறங்கும்போது இது அப்படியே தலைகீழ். மேல் அடிகள் மெதுவாகக் குறையும், கீழே வர வர வேகமாக இறங்கும். அணை கட்டியபோது மூழ்கிய பண்ணவாடிப் பக்கத்து தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் அப்போது வெளியே தெரியும். பார்க்கவே கூட்டம் கூடும். டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறப்பது வழக்கம். அப்போது விவசாயிகள் அடியைக் கேட்பதோடு நிற்க மாட்டார்கள், எத்தனை டி.எம்.சி. என்றும் கேட்பார்கள்.

கடைசியாக, செய்தியில் சொல்லாமல் விடுகிற ஒரு செலவு. வெயிலில் ஆவியாகிற தண்ணீர். அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர், அதாவது 15.3 கோடி சதுர மீட்டர். ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் அரை சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 5 லிட்டர். பெருக்கினால் 76.5 கோடி லிட்டர். முன்னே சொன்ன 10 லட்சம் பேர் ஊருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 10 கோடி லிட்டர். அந்த ஊரின் ஏழரை நாள் தண்ணீரை ஒரே பகலில் வெயில் குடித்துவிடுகிறது. இதை டி.எம்.சி.யாக மாற்றினால் எவ்வளவு வரும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். 0.03-க்குக் கொஞ்சம் கீழே வந்தால் சரி.