உங்களுக்குத் தெரியுமா? லாபம் வரலாம், பங்கு பிரிக்கக்கூடாது

டீக்கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்புகிறீர்கள். அந்த யூபிஐ வசதியை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் (என்பிசிஐ) சட்டப்படி ஒரு லாப நோக்கற்ற கம்பெனி. அன்னதானமும் இலவச மருத்துவமும் மட்டும்தான் பொதுநலம் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு இத்தகைய கம்பெனிகளுக்கான நோக்கங்களாக அறம், சமயம், கல்வி, கலை, அறிவியல், ஆராய்ச்சி, விளையாட்டு, சமூக நலன், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றோடு வணிக வளர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. போதாதென்று, 'இதுபோன்ற பிற நோக்கங்கள்' என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

இவ்வளவு அகலமாக விட்டால் யார் வேண்டுமானாலும் பொதுநலப் போர்வை போர்த்திக்கொள்ள மாட்டார்களா? நியாயமான கேள்விதான். சட்டம் கடிவாளத்தை நோக்கத்தில் போடவில்லை, பணத்தில் போட்டிருக்கிறது. லாபம் வரலாம், அது நோக்கத்துக்கே செலவாக வேண்டும், உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது. அரசின் முன் அனுமதி இல்லாமல் சாசனத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. கம்பெனியை மூடினாலும் மிச்சச் சொத்து உறுப்பினர்கள் வீட்டுக்குப் போகாது. சம்பளம் என்ற பெயரில் பணம் வெளியேறலாமே என்பார்கள். அந்த ஓட்டை உண்மையிலேயே இருக்கிறது. கணக்குத் தணிக்கை அதற்கு ஒரு காவல். நன்கொடை கேட்டு வரும் கம்பெனியின் சாசனத்தையும் ஆண்டுக் கணக்கையும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.