பேய்க்கும் ஒரு வாய் சோறு! - உறையூர் வீட்டில் ஒரு விரல்நுனி விருந்து

“கரித்துண்டு எங்கடி?”

இரண்டு சென்டிமீட்டர் உயர டிபன் கேரியரைப் பார்த்ததும் அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி இதுதான். மூன்று அடுக்கு, கம்பிக் கைப்பிடி, மேல் அடுக்கில் எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பு... எல்லாம் பாலிமர் க்ளேயில் செய்தவை. இரண்டு ராத்திரி வேலை. பாராட்டு வரும் என்று பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ராத்திரியில கறிக்கொழம்பு எடுத்துட்டுப் போறவ ஒரு கரித்துண்டு, காஞ்ச மொளகா போடாம போவாளா? பின்னாலயே வந்துராது?”

எது வரும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் நெருங்கினால் போனைத் திறந்த பக்கமெல்லாம் ஹாலோவீன் பொம்மை வீட்டுச் சாப்பாடுதான். வெட்டிய விரல் மாதிரி பிஸ்கட், கண்முழி மிதக்கும் சூப், சிலந்தி ஒட்டிய கேக். எல்லாமே கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும். நானும் முதலில் விரல் பிஸ்கட்தான் செய்தேன். “முறுக்கு ஒடஞ்சிருச்சா?” என்றார் அப்பா. அன்றைக்கே புரிந்துபோனது, நம் வீட்டில் பயம் வேறு தட்டில் இருக்கிறது என்று.

அவர்களுக்குப் பூசணி என்றால் நமக்கும் பூசணிதானே? அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கிய வழக்கம், அமெரிக்காவுக்குப் போய்ப் பூசணிக்கு மாறியது. நாம் குடைவதில்லை. வெள்ளைப் பூசணியில் முறைக்கும் கண்ணும் கோரைப் பல்லும் வரைந்து, கட்டிமுடிக்காத வீட்டு வாசலில் தொங்கவிடுகிறோம். ஆயுத பூஜை அன்று குங்குமம் கொட்டி நடுத்தெருவில் உடைக்கிறோம். அந்தச் சிவப்பைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? எந்த ஹாலோவீன் கேக்கும் பக்கத்தில் வர முடியாது.

ஆகவே மெனு மாறியது. உடைந்த திருஷ்டிப் பூசணி, நான்காகப் பிளந்த குங்கும எலுமிச்சை, டிபன் கேரியர், ஒரு சுருட்டு. உறையூரில் இருந்துகொண்டு சுருட்டு செய்யாமல் எப்படி? 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் பிடிப்பது திருச்சி சுருட்டுதான்!

ஆனால், சுருட்டையும் பூசணியையும் ஒரே தட்டில் வைக்க அம்மாச்சி விடவில்லை. “சுருட்டு கருப்பசாமிக்கு. அவரு பேயி இல்ல, பேய ஓட்டுறவரு. தனியா வை.” சரியான திருத்தம். காவல் தெய்வத்தின் படையலையும் கழிப்புப் பொருளையும் ஒன்றாகக் கலந்து ‘ஹாரர்’ என்று பெயர் வைப்பது, ஊரைத் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

பொம்மை வீட்டுக்கு உலகம் முழுக்கப் பழகிய அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் 1924-ல் முடிந்த ராணி மேரியின் பொம்மை வீடும் அந்த அளவுதான்; அதன் குட்டி பாட்டில்களில் நிஜ ஒயினே இருக்கிறது. நம் கணக்கில், இட்லி ஆறு மில்லிமீட்டர். வாழையிலை நாலு சென்டிமீட்டருக்குள். சுருட்டு ஒரு சென்டிமீட்டர். சென்னையின் ஷில்பா மித்தா இட்லி, தோசை என்று நம் சாப்பாட்டையே இப்படிக் குட்டியாகச் செய்து பெயர் வாங்கியவர்.

பாலிமர் க்ளே என்பது பெயரளவில்தான் களிமண். உள்ளே இருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக் தூளும், அதை இளக்கி வைக்கும் எண்ணெய்ப் பொருளும், நிறமும். ஜெர்மனியில் பொம்மைத் தொழில் நடத்திய கேத்தே க்ரூஸே இதைப் பொம்மை செய்ய எடுத்துப் பார்த்தார், சரிவரவில்லை. அவர் மகள் இதை விளையாட்டு க்ளேயாக மாற்றினார். 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனத்துக்குக் கைமாறி ‘ஃபிமோ’ ஆனது.

காற்றில் காயாது, சூட்டில்தான் இறுகும். அங்கேதான் திருச்சி வெயில் விளையாடியது. மே மாத மதியம் ஸ்கூட்டர் டிக்கியில் பாக்கெட்டை மறந்து வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் பொரிகடலை உருண்டை மாதிரி உதிர்ந்தது. வாங்கினால் நிழலில் வையுங்கள்.

அடுத்த தவறு இதைவிட மோசம். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி வரை, அரை மணி நேரம் போல சுட வேண்டும். அடுப்பின் திருகில் 130 வைத்தேன். உள்ளே எவ்வளவு ஏறியதோ, இட்லியெல்லாம் கருகி, கண்ணும் தொண்டையும் எரிந்தன. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் மாடிக்கு ஓட்ட வேண்டியதாகிவிட்டது. இப்போது உள்ளே தனி வெப்பமானி வைக்காமல் சுடுவதில்லை. சாப்பாடு செய்யும் அடுப்பில் இதைச் சுடுவதும் இல்லை. அடுப்பே இல்லையா? சோள மாவும் வெள்ளை ஃபெவிகாலும் சேர்த்துக் கிளறிய மாவில் செய்யலாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நம்ப வைப்பது சின்னச் சின்ன அழுக்குதான். தோலுக்குப் பழைய டூத் பிரஷ்ஷால் லேசான குத்து. பூசணிச் சதைக்கு, ஒளி ஊடுருவும் க்ளேயில் கொஞ்சம் வெள்ளை. சுருட்டு நுனிக்குச் சாம்பல் நிற சாக்பீஸ் தூள். குங்குமத்துக்கு நிஜக் குங்குமம் போட்டேன்; விரல், மேஜை, வெள்ளை இட்லி என எல்லாம் சிவந்துபோனது. சிவப்பு சாக்பீஸே போதும்.

போன வருஷக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இட்லித் தட்டு வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் நாலில் மூன்றுதான் இருந்தது. அக்கா மகளுக்கு இரண்டு வயது. கன்னம் உப்பியிருந்தது. அக்கா விரல் விட்டு எடுத்துவிட்டாள். ஆறு மில்லிமீட்டர். தொண்டைக்குள் போயிருந்தால்? அன்று முழுக்க என் கை நடுங்கியது. இப்போது எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள், மேல் படியில்.

கரித்துண்டு ஒருவழியாகத் தயாரானது. கறுப்பு க்ளேயை உருட்டாமல், சுட்டபின் உடைத்தேன். உடைந்த முனைதான் கரி மாதிரி இருக்கிறது. மிளகாய்க்கு ஒரு சிவப்பு நூல் அளவு. இடுக்கியை எடுத்ததும், “குடு, நான் வைக்கிறேன்” என்று அம்மாச்சி வாங்கிக்கொண்டார். மூச்சைப் பிடித்து, கை நடுங்காமல், குழம்பின் ஓரத்தில் வைத்தார்.

மூடியை மூடியபின் சொன்னார்: “இப்ப எந்த பஸ்ஸுல வேணும்னாலும் போகலாம்.”